பள்ளி நாள்களில் குடும்பச் சுற்றுலா: இங்கிலாந்தில் பெற்றோருக்கு அபராதம் ஏன்?

பள்ளி நடைபெறும் வாரத்தில் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு தம்பதி வெளிநாட்டுச் சுற்றுலா சென்று திரும்பினால், இங்கிலாந்தில் அவர்களுக்கு நான்கு அபராத அறிவிப்புகள் வரக்கூடும். அபராதம் குடும்பத்துக்கு ஒன்று அன்று. ஒவ்வொரு பிள்ளைக்காகவும் தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. தலா 80 பவுண்டு வீதம் மொத்தம் 320 பவுண்டு. 21 நாள்களுக்குள் செலுத்தத் தவறினால் அது 640 பவுண்டாகிவிடும். 28 நாள்கள் கடந்தும் செலுத்தாவிட்டால் வழக்குதான். இந்த அறிவிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை பெற்றோருக்கு இல்லை.

இந்தத் தொகைகள் 2024 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன் அபராதம் 60 பவுண்டாக இருந்தது. உள்ளாட்சி மன்றத்துக்கு மன்றம் நடைமுறையும் வேறுபட்டது. இப்போது இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே அளவுகோல். காலை, மாலை என நாளுக்கு இருமுறை வருகைப் பதிவு எடுக்கப்படும். பத்து பள்ளி வாரங்களுக்குள் அனுமதியின்றிப் பத்துப் பதிவுகளை, அதாவது ஐந்து நாள்களைத் தவறவிட்டால், அபராதம் குறித்துப் பள்ளி பரிசீலித்தாக வேண்டும். மூன்றாண்டுகளுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை சிக்கும் பெற்றோருக்குச் சலுகைத் தொகை கிடையாது. நேரடியாக 160 பவுண்டு. மூன்றாம் முறை அபராத அறிவிப்பே வராது. விவகாரம் நீதிமன்றத்துக்குச் செல்லக்கூடும். அங்கே 2,500 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம்.

2023-24 கல்வியாண்டில் மட்டும் இங்கிலாந்தில் சுமார் 4.87 லட்சம் அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. அவற்றில் பத்தில் ஒன்பது, அனுமதியற்ற குடும்பச் சுற்றுலாவுக்காகவே அனுப்பப்பட்டவை.

நிலைமை எப்போதும் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. சிறப்புச் சூழல்களில் ஆண்டுக்குப் பத்து நாள்கள் வரை குடும்பச் சுற்றுலாவுக்கு விடுப்பு அளிக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் இருந்தது. 2013 செப்டம்பரில் அந்த விதி நீக்கப்பட்டு, 'விதிவிலக்கான சூழல்' என்ற ஒரே வாசல் மட்டும் திறந்து வைக்கப்பட்டது. சுற்றுலா பொதுவாக அந்த வாசலுக்குள் நுழைவதில்லை.

இந்த மாற்றத்தை நீதிமன்றத்தில் உரசிப் பார்த்தவர் ஜான் பிளாட். வைட் தீவைச் சேர்ந்த இவர், 2015 ஏப்ரலில் பள்ளி அனுமதி மறுத்த பிறகும் தம் மகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். சிறுமி தவறவிட்டது ஏழு பள்ளி நாள்கள். 60 பவுண்டு அபராதத்தைப் பிளாட் செலுத்தவில்லை; அது 120 ஆன பின்னரும் செலுத்தவில்லை. பிள்ளை 'முறையாக' பள்ளிக்கு வராவிட்டால்தான் குற்றம் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். தம் மகளின் வருகையோ 90 விழுக்காட்டுக்கும் மேல் என்பது அவரது வாதம். கீழமை நீதிமன்றமும், 2016-இல் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது ஒரே ஒரு சொல்லின் பொருளே விசாரணைக்கு வந்தது எனலாம். 'முறையாக' என்றால் 'போதிய அளவுக்கு' என்று பொருளா, 'பள்ளி வகுத்த விதிகளின்படி' என்று பொருளா? 2017 ஏப்ரல் 6 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இரண்டாவது பொருளையே ஏற்றனர். ஒரு மாணவர் இடையில் விலகினால், அவரை மீண்டும் வகுப்போடு இணைக்கும் சுமை ஆசிரியர் மீதும் பிற மாணவர் மீதும் விழுகிறது என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹேல் சுட்டிக்காட்டினார். செலவையும் சிரமத்தையும் பொறுத்துக்கொண்டு விதியைக் கடைப்பிடிக்கும் பெற்றோருக்கு இது அநீதி என்பதும் தீர்ப்பின் பார்வை. அதே ஆண்டு ஜூனில் பிளாட் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, 2,000 பவுண்டு வழக்குச் செலவு செலுத்த உத்தரவிடப்பட்டார். 60 பவுண்டில் தொடங்கிய விவகாரம் இது.

ஆயினும் பயணங்கள் நின்றபாடில்லை. காரணம் எளிது: விடுமுறை தொடங்கியதும் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் ஏறிவிடுகின்றன. அபராதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலே செலவு குறைவு என்று கருதும் குடும்பங்கள், அதைப் பயணச் செலவின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கின்றன. அபராதம் வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை என்பதால், வசதியுள்ளவருக்கு அது ஓர் இரவு உணவுச் செலவு. கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒரு வார மளிகை. கட்டணம் வசூலிக்கும் தனியார் பள்ளிகளின் பெற்றோருக்கு இந்த அபராத முறை பொருந்தாது என்பதும் அடிக்கடி எழும் மனக்குறை. ஸ்காட்லாந்தில் இத்தகைய அபராதம் இல்லை. வேல்ஸில் பத்து நாள்கள் வரை அனுமதிக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடமே இருக்கிறது.

இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறுகிறது. தவறினால் அபராதம் என்று கூறவில்லை. இங்கே கெடுபிடி தேர்வை ஒட்டியே வருகிறது: சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும்.

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ கூடுதலாக ஒரு நாள்காட்டிச் சிக்கலும் உண்டு. அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை மார்கழியில் வருகிறது; கோடை விடுமுறையின் முதல் பாதி ஆடியில் கழிகிறது. இரண்டிலும் ஊரில் திருமணம் வைப்பதில்லை. தை மாத முகூர்த்தங்களோ பள்ளி நாள்களில் விழுகின்றன. சமயத் திருநாளுக்கு விடுப்பு எடுக்கச் சட்டமே இடமளிப்பதால், தீபாவளியன்று பிள்ளை வீட்டில் இருக்கலாம். உறவினர் திருமணத்துக்கு அப்படிப்பட்ட உறுதி இல்லை. அது விதிவிலக்கான சூழலா என்பதைத் தலைமையாசிரியரே முடிவு செய்வார். விண்ணப்பம் பயணத்துக்கு முன்பே அளிக்கப்பட வேண்டும்; திரும்பி வந்த பின் தரப்படும் விளக்கக் கடிதத்தைக் கொண்டு விடுப்பை அனுமதிக்க விதியில் இடமில்லை.