அர்ஜுனா விருதைத் திருப்பித் தரச் சென்ற கூடைப்பந்து வீரர்

இந்தியாவில் கூடைப்பந்து ஆடும் ஒருவர் எப்போது அரசியல் பேசலாம் என்பதை அவருடைய துணிச்சலைவிட அவருக்குச் சம்பளம் தரும் அலுவலகமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதற்குப் பஞ்சாபைச் சேர்ந்த சஜ்ஜன் சிங் சீமாவின் வாழ்க்கை தெளிவான சான்றாகும். 1982இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடிய அவர், பஞ்சாப் காவல்துறையில் கண்காணிப்பாளர் நிலைவரை உயர்ந்து, நாட்டின் உயரிய விளையாட்டு விருதுகளுள் ஒன்றான அர்ஜுனா விருதை 1999இல் பெற்றார். ஓய்வுக்குப் பின்னரே ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்து, 2017இல் சுல்தான்பூர் லோதி தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார்.

மத்திய அரசு 2020 செப்டம்பரில் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப் விவசாயிகள் தில்லி எல்லையில் திரண்டபோது, சீமாவும் மல்யுத்த வீரர் கர்தார் சிங் உள்ளிட்ட வேறு சிலரும் தங்கள் விருதுகளைக் குடியரசுத் தலைவரிடமே திருப்பித் தருவதற்காக அவ்வாண்டு டிசம்பரில் தில்லியில் பேரணியாகச் சென்றனர். காவல்துறை அவர்களை வழியிலேயே தடுத்து நிறுத்தியது. மதுரை மாவட்டத்தின் மேலூர், வாடிப்பட்டிப் பகுதி விவசாயிக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையம் எதுவோ, பஞ்சாப் விவசாயிக்கு மண்டி எனப்படும் ஒழுங்குமுறைச் சந்தை ஏறத்தாழ அதுவே. அங்குதான் அவருடைய நெல்லையும் கோதுமையையும் அரசு ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்கிறது என்பதால், மண்டிக்கு வெளியே தனியார் வணிகத்தைத் திறந்துவிட்ட சட்டம், அந்த விலையே நாளடைவில் இல்லாமற்போகும் என்ற அச்சத்தை எழுப்பியது. ஒரு கட்சியின் வேட்பாளராக இருந்தவர் விருதைத் திருப்புவதில் தியாகம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆயினும், காவல் பணியில் இருந்தபோது இதைச் செய்ய விதிகள் அவருக்கு இடம் தந்திருக்கமாட்டா.

கூடைப்பந்தில் நிலைத்த தொழில்முறைக் கழகங்கள் வேரூன்றாத நம் நாட்டில், ரயில்வே, காவல்துறை, வங்கி போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் தரும் வேலையே வீரரின் வாழ்வாதாரம். பத்மஸ்ரீ பெற்ற தமிழக வீராங்கனை அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியரே. அரசு ஊழியர் கட்சியில் உறுப்பினராவதையும் அதற்காகப் பிரசாரம் செய்வதையும் 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு நடத்தை விதிகளும், 1966ஆம் ஆண்டின் ரயில்வே விதிகளும் தடைசெய்கின்றன. ஆகவே 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மதுரைத் தமுக்கம் மைதானத்தில் கூடிய மாணவர்களுள் ஒரு கூடைப்பந்து வீரர் இருந்து, பின்னர் அவருக்கு ரயில்வே வேலை கிடைத்திருந்தால், அவர் கட்சி மேடை ஏற ஓய்வுபெறும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது வேலையை விட வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு வீரர்கள் கழகங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1954 முதல் தொழிற்சங்கமும் வைத்திருக்கின்றனர். 2020இல் அட்லாண்டா டிரீம் என்ற பெண்கள் அணியினர், தங்கள் அணியின் உரிமையாளர்களுள் ஒருவரான செனட் உறுப்பினர் கெல்லி லோஃப்லரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்கை ஆதரிக்கும் வாசகம் அச்சிட்ட சட்டையை அணிந்து மைதானத்துக்கு வந்தனர். 2021 ஜனவரியில் வார்னாக் வென்றார். முதலாளியையே தேர்தலில் எதிர்க்கும் உரிமை எல்லாத் தொழிலாளருக்கும் வாய்ப்பதில்லை. அதை அவர்கள் தயங்காமல் பயன்படுத்திக்கொண்டனர்.

மூன்று வேளாண் சட்டங்களும் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. எனினும் 2022 தேர்தலில் பஞ்சாப் முழுவதும் ஆம் ஆத்மி அலை வீசியபோதும், அக்கட்சியின் வேட்பாளராகச் சுல்தான்பூர் லோதியில் மீண்டும் நின்ற சீமா தோல்வியையே தழுவினார்.