வளைந்த விளிம்பும் தட்டையான தகடும்



கணக்குப் பாடத்தில் கவராயத்தைக் கொண்டு வட்டம் வரைந்து பழகியிருப்பீர்கள். அச்சிறு கருவி, கடலில் உழைப்பவர் ஒருவரின் கையைக் காக்கவும் வல்லது என்பதை நான் பணி ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன்.

என் பழைய மாணவர் ஒருவர் பைபர் படகில் மீன் பிடிப்பவர். வலை இழுக்கும் கப்பிக்காக, 60 செ.மீ. உயரமுள்ள தூண் ஒன்றைப் படகின் விளிம்பில் பொருத்தினார். தூணின் அடித்தகடு தட்டையானது. படகின் விளிம்போ உருண்டையானது. "ஐயா, தூண் ஆடுகிறதே!" என்றார். "திருகாணியை இன்னும் முடுக்கப்பா" என்றேன். அவ்வாறே செய்தார். மறுவாரம், வலை இழுக்கும்போது விளிம்பு வெடித்துத் தூண் பெயர்ந்தது. அவர் கை மயிரிழையில் தப்பியது. பிழை அவருடையதன்று, என்னுடையது.

காரணத்தை ஆராய்வோம். உருளையின்மீது ஓர் அட்டையை வைத்தால், அது ஒரு கோட்டில் மட்டுமே படியும். இருபுறமும் இடைவெளி நிற்கும். திருகாணியை முடுக்க முடுக்க, அவ்விடைவெளியை நோக்கிப் படகின் ஓடு வளைக்கப்படுகிறது. இறுதியில் விரிசல் காண்கிறது.

நெம்புகோல் விதியையும் நினைவு கூருங்கள். தூணின் உச்சியை 10 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் இழுப்பதாகக் கொள்வோம். தகடு முழுவதும் படிந்திருப்பின், அதன் எதிர் ஓரமே சுழல் முனை. அங்கிருந்து திருகாணி 12 செ.மீ. தொலைவில் இருந்தால், அது தாங்கவேண்டியது 50 கிலோ. தகடு நடுக்கோட்டில் மட்டும் படிந்திருந்தாலோ, அத்தொலைவு 6 செ.மீ. ஆகக் குறையும், சுமை 100 கிலோவாக உயரும்.

இனிப் பரிகாரம். தகட்டிற்கும் விளிம்பிற்கும் இடையே வைக்க ஒரு மரக்கட்டையை எடுத்தோம். அதை விளிம்பின்மேல் நிறுத்தி, மிகப் பெரிய இடைவெளியின் அளவிற்குக் கவராயத்தை விரித்தோம். அதன் முள் விளிம்பைத் தடவிச் செல்ல, பென்சில் அதே வளைவைக் கட்டையில் வரைந்தது. கோட்டின்படி செதுக்கியதும், கட்டை விளிம்பில் கச்சிதமாக அமர்ந்தது. வெடித்த இடத்தைச் செப்பனிட்டபின், ஓட்டின் உட்புறத்திலும் அவ்வாறே செதுக்கிய ஒரு பலகையை வைத்தோம். இதனால் விசை ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பூட்டி, துளைகளில் நீர் புகாவண்ணம் பசையிட்டோம்.

நம் முன்னோர் இச்சிக்கலை வேறு வழியில் வென்றனர். கட்டுமரத்தின் மரங்களும் உருண்டு வளைந்தவையே. அவற்றை ஆணியால் அறையாது கயிற்றால் பிணைத்தனர். கயிறு எவ்வளைவையும் தழுவும். அலை மோதினால் சற்றே இளகிக் கொடுக்கும். 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்தே பிறந்தது.

பொருந்தாததை முடுக்கிப் பொருத்த இயலாது. முதலில் வளைவை அளந்தறிய வேண்டும். பின்னரே திருகாணியைத் தொடவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெம்புகோல் விதியைக் கரும்பலகையில் எழுதிய நான், அதை ஒரு படகின் விளிம்பில் காணத் தவறினேன். நீங்கள் தவறாதிருப்பீர்களாக.