கடலுக்குள் பூசணம்

கடலைக் காண வேண்டுமானால் திருத்தங்கல்வாசிகள் தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ பிரயாணம் செய்ய வேண்டும். பாற்கடலில் தோன்றிய திருமகள் வந்து தங்கியதனால் இவ்வூருக்கு இப்பெயர் ஏற்பட்டது என்பார்கள். அதைத் தவிர நமக்கும் கடலுக்கும் வேறு சம்பந்தம் இல்லை எனலாம். வானம் பார்த்த பூமி இது. இந்த வறண்ட காற்றை நம்பியே சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றின. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் பசை தடவிய தாளிலும், தோல் செருப்பிலும், மூலையில் கிடக்கும் பழம் புத்தகத்திலும் பூசணம் பூக்கும். வெயில் ஏறியதும் மறைந்து போகும். ஆகையால் பூசணம் என்பது ஈரமும் நிழலும் உள்ள தரையில் வாழும் குலம் என்று நாம் எண்ணியிருப்பதில் வியப்பில்லை. அந்தக் குலம் நடுக்கடலிலும், மூன்று மைல் ஆழத்துச் சேற்றிலும் குடியிருக்கிறது என்றால் நம்ப முடியுமா?

வீட்டுப் பெண்மணிகள் உடனே ஓர் ஆட்சேபம் கிளப்புவார்கள். ஊறுகாயில் உப்புக் குறைந்தால்தான் பூசணம் பிடிக்கும், நிறைந்தால் அண்டாது. அப்படியிருக்க, உப்பே உருவான கடலில் அது எவ்வாறு பிழைக்கும்? மிகவும் நியாயமான கேள்வி. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஊறுகாய் ஜாடியோடு ஒப்பிட்டால் இது சொற்பமே என்றாலும், ஓர் உயிரணுவை வாட்டுவதற்கு இதுவே போதும். அரிந்த மாங்காயில் உப்பைத் தூவினால் அது நீர் விட்டுச் சுருங்குகிறதல்லவா? அவ்விதமே கடல் நீரும் பூசணத்தின் உடலிலிருந்து நீரை இழுக்கப் பார்க்கும். அதற்குப் பூசணம் கையாளும் உபாயம் விசித்திரமானது. கிளிசரின், மானிட்டால் முதலிய பொருள்களைத் தன் உடலுக்குள்ளேயே தயாரித்துச் சேர்த்துக் கொள்கிறது. உள்ளே கரைந்திருக்கும் சரக்கு வெளியே கரைந்திருக்கும் உப்புக்கு ஈடாகிவிட்டால், நீர் வெளியே ஓடக் காரணமில்லை. உள்ளே கசிந்து வரும் சோடியத்தையோ, தோணியில் புகுந்த நீரை இறைப்பது போல, ஓயாமல் வெளியே தள்ளிக் கொண்டிருக்கிறது. இவ்வளவுக்கும் சக்தி வேண்டும். சக்திக்கு இரை வேண்டும்.

இரை தின்னும் முறையிலும் ஒரு சங்கடம். பூசணத்துக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஜீரண ரசத்தை வெளியே கசியவிட்டு, இரை அங்கேயே கரைந்த பின் உறிஞ்சிக் கொள்ளும். பரந்த கடலில் தனித்து மிதந்தால் அந்த ரசம் அலையோடு போய்விடும்! ஆதலால் பற்றிக் கொள்ள ஏதேனும் ஒரு பொருள் தேவை. கடற்பூசணங்கள் பலவற்றின் வித்துக்களில் ஒட்டும் தன்மையுள்ள வால்களும் இழைகளும் அமைந்திருப்பது இதற்காகவே. மிதக்கும் கட்டை அகப்பட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம். 1958-ல் பெக்கர், கோல்மேயர் என்ற ஜெர்மானிய அறிஞர் இருவர், நம் நாட்டுக் கடலில் மரத்தையும் மீன்பிடி கலங்களையும் இப்பூசணங்கள் அரிப்பதைப் பற்றி எழுதியிருக்கின்றனர். கட்டுமரத்தைக் கரையேற்றி உலர்த்தும் நம் பரதவர்களுக்கு அறிஞர் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

மரம் கிடைக்காத நடுக்கடலில் வேறு வழிகள் உண்டு. கடலின் மேல்மட்டத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் மிதக்கின்றன. கைட்ரிட் என்ற நீர்ப்பூசணத்தின் வித்துக்கள் வாலடித்து நீந்திச் சென்று அவற்றைப் பற்றி, உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும். பெரிய டயாட்டங்களைச் சிறு பிராணிகளால் விழுங்க முடியாது. ஆனால் அவற்றைத் தின்று பெருகிய கைட்ரிட் வித்துக்களை விழுங்க முடியும். இவ்விதம் வீணாகப் போகவிருந்த உணவு மீன்குலத்தின் பந்திக்கு வந்து சேருகிறது. ஏரிகளில் முதலில் தெளிவாகக் கண்ட இந்தச் சுற்றுவழி கடலுக்கும் பொருந்தும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எஞ்சியவை செத்துத் துகளாகி, பனி பெய்வது போல ஆழத்தை நோக்கி இறங்குகின்றன. அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஆழத்தில் இத்துகள்களைச் சோதித்தவர்கள், அவற்றில் தங்கிய நுண்ணுயிர்களின் எடையில் பெரும் பங்கு பூசணத்தினுடையதும் அதை ஒத்த வேறோர் இனத்தினுடையதுமே என்று 2017-ல் தெரிவித்தனர்.

இனி நம் சமுத்திரத்துக்கு வருவோம். 1959 முதல் 1965 வரை பல தேசத்தார் கூடி இந்து மகா சமுத்திரத்தை ஆராய்ந்தனர். அதன் பயனாக 1966-ல், இப்போது கோவாவில் உள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையம் தோன்றியது. கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்டின் உறவினங்கள் இந்தச் சமுத்திரத்தில் பரவியிருப்பதை ஃபெல் என்ற அமெரிக்கர் 1967-ல் எழுதினார். சென்னைச் சர்வகலாசாலையின் சி. வி. சுப்பிரமணியனும் சேஷகிரி ரகுகுமாரும் 1974-ல் சென்னைக் கடலோரப் பூசணங்களை விவரித்தனர். பின்னர் கோவா நிலையத்தில் சந்திரலதா ரகுகுமாரும் அவர் குழுவினரும் ஆழத்திலேயே கைவைத்தனர்.

ஆழம் என்றால் என்ன? பத்து மீட்டர் இறங்கினால் நம் தலைமேல் உள்ள ஆகாயம் முழுவதின் பாரம் இன்னொரு மடங்கு கூடும். 5,000 மீட்டரில் 500 மடங்கு! வெளிச்சம் இல்லை, குளிரோ பனிக்கட்டிக்கு அருகில். மார்கழியில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. குளிரில் வாழும் பூசணம், தன் மேல்தோலில் உள்ள கொழுப்பை நெய்யின் ஜாதியிலிருந்து எண்ணெயின் ஜாதிக்கு மாற்றிக் கொண்டு இளக்கமாக இருக்கிறது.

மத்திய இந்து மகா சமுத்திரத்தின் அடிச்சேற்றிலிருந்து எடுத்த பூசணங்களைக் கோவா நிலையத்தார் ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். அவற்றுள் பல, நம் வீட்டு ரொட்டியிலும் தானியத்திலும் பூக்கும் அஸ்பர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்தவையே. இங்கேதான் வழக்கு எழுந்தது. காற்றோடு போய்க் கடலில் விழுந்து மூழ்கி உறங்கும் நிலத்து வித்துக்களை, கடல்வாசிகள் என்று எண்ணி ஏமாறலாமா என்று ஐயுற்றவர்கள் உண்டு. அந்த ஐயம் நல்லதே. வாதத்தால் அல்லாமல் பரீட்சையால் பதில் தேடினார்கள். இரும்புக் கலத்தில் அடைத்து 200 மடங்கு அழுத்தத்தில் குளிரில் வைத்தபோதும் சில பூசணங்கள் முளைத்து வளர்ந்தன. சாகோஸ் அகழியில் சேற்றுக்கும் கீழே 370 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்த, ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மண்ணிலிருந்துகூட அஸ்பர்ஜில்லஸ் சிடோவி என்ற வகை முளைத்ததாக 2004-ல் எழுதினார்கள். இதே வகைதான் 1990-களில் கரீபியக் கடலின் விசிறிப் பவளங்களை நோயால் வாட்டியது. கோவாக் கரையோரச் சேற்றுப் பூசணங்களில் சில, பிராணவாயு இல்லாவிடினும் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிப்பதை 2009-ல் கண்டனர்.

வட பசிபிக்கில் மிதக்கும் பிளாஸ்டிக்கைத் தின்னும் ஒரு பூசணத்தைப் பற்றி 2024-ல் செய்தி வந்ததும் பலர் மகிழ்ந்தார்கள். சூரிய ஒளி பட்டு நைந்த பாலிதீனை மட்டுமே, அதுவும் பரிசோதனைச் சாலையில் நாளொன்றுக்கு 0.05 சதவிகிதம் அளவில், அது சிதைக்கிறது. தெருவில் பையை எறிபவர்கள் இதைச் சாக்காகக் கொள்ள வேண்டாம்.

நமக்குக் கவலை வேறு. அந்த மத்திய சமுத்திரத்தில்தான் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோகக் கட்டிகளை ஆராயும் உரிமையை நம் தேசம் சர்வதேச உடன்படிக்கையால் பெற்றிருக்கிறது. மாங்கனீசும் நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் அடங்கிய அக்கட்டிகள், பத்து லட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டரே வளர்பவை. அவற்றை வாரும் யந்திரம் மேல்சேற்றையும் சேர்த்தே கலக்கும். சென்ற இடமெல்லாம் புதிது புதிதாகப் பூசணம் அகப்படும் அந்தச் சேற்றின் குடிக்கணக்கு இன்னும் முடியவில்லை. யந்திரம் இறங்குவதற்கு முன் அந்தக் கணக்கை எடுத்து முடிக்க, கோவா நிலையத்துக்குக் கப்பலும் பணமும் ஆளும் தாராளமாகக் கொடுப்பதே முறை.