ஐப்பசி கார்த்திகை மழையும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் ஐப்பசி பிறக்கும்போது சம்பா நடவு பெரும்பாலும் முடிந்து, பயிர் தூர்கட்டும் தருணமாயிருக்கும். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ந் தேதியையொட்டித் துவங்கி டிசம்பர் வரையில் நீடிக்கிறது. ஜில்லாவின் வருஷ மழையில் பாதிக்கு மேற்பட்டது இம்மூன்று மாதங்களிலேயே பெய்துவிடும். மழை மிகும் நாட்களில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்படும். 2015-ம் வருஷம் நவம்பர் மாத வெள்ளத்தையும், 2020-ம் வருஷம் டிசம்பரில் சிதம்பரத்தைச் சூழ்ந்த புரெவிப் புயல் மழையையும் இப்பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய நாட்களில் பிள்ளைகள் வீட்டில் என்ன செய்கின்றனர் என்பது, நிலமுடைய ஒவ்வொருவரும் கவனிக்கத்தக்க விஷயமாகும்.

வீட்டில் கற்பித்தல் இந்நாட்டிற்குப் புதிதன்று. சென்னை மாகாணக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1826-ம் வருஷம் மார்ச்சு மாதத்திய தமது கல்விக் குறிப்பில், மாகாணத்திலிருந்த பள்ளிகள் 12,498 என்றும், அவற்றில் பயின்றோர் 1,88,000 பேருக்கு மேல் என்றும் கணக்குக் காட்டினார். சென்னை நகரில் மட்டும், பள்ளியில் படிப்போரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கினர் வீட்டில் பயில்வதாகத் தமக்கு வந்த எண்ணில் பிழையிருக்கலாம் என்று அவரே ஐயுற்றார். ஆயினும் உறவினரிடமோ தனி உபாத்தியாயரிடமோ வீட்டிலிருந்து கற்கும் வழக்கம் நாடெங்கும் உண்டென்பதை அவர் ஒப்புக்கொண்டார். திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்விக்கப்பட்ட நெல்லிலக்கம் நெல் அளவைக்கே ஏற்பட்டது. கணக்கு அக்காலத்தில் களத்து மேட்டிற்கு அவ்வளவு சமீபத்திலிருந்தது.

ஐந்து ஏக்கர் சம்பா சாகுபடி செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். அவ்வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் பத்து வயதுப் பையனும் இருப்பதாக வைத்துக்கொள்க. அவர்கள் முதன்முதலில் செய்யத்தக்கது மழையை அளத்தலாகும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான தகரக் குவளை ஒன்று போதும். அதை மரம், வீடு முதலியவற்றினின்றும், அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்காவது விலகிய வெட்டவெளியில் சாயாமல் ஊன்றவேண்டும். தினந்தோறும் காலை 8-30 மணிக்கு உள்ளிருக்கும் நீரின் ஆழத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் பார்த்து எழுதிவிட்டுக் குவளையைக் கவிழ்த்துவிடவேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழையென்றால் ஒரு செண்டு நிலத்தில் சுமார் 40 லிட்டர் தண்ணீர் விழுந்ததாகும்; ஒரு ஏக்கரில் 4,047 லிட்டர். அப்படியானால் 25 மில்லிமீட்டர் மழையில் ஒரு ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகமாகவே சேரும். இந்தப் பெருக்கலைப் பையன் தானே போட்டுப் பார்த்தபின், வடிகால் வாயைத் தகப்பனார் ஏன் இரவில் எழுந்துபோய் வெட்டிவிட்டார் என்பதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாகத் தண்ணீர் பெறும் வீராணம் ஏரியின் நிறைமட்டம் 47.5 அடி. நாள்தோறும் பத்திரிகையில் வரும் ஏரி மட்டத்தையும் தன் மழைக் கணக்கின் பக்கத்தில் பெண் குறித்துவரலாம்.

நில அளவையும் இவ்விதமே. பழைய கணக்கில் 12 அடிக் கோலால் நான்கு புறமும் அளந்த 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இதைப் பாட்டனார் வாய்மொழியாகச் சொல்ல, பிள்ளைகள் 43,560 சதுர அடிகொண்ட ஏக்கருக்கு மாற்றிப் பார்த்தால், ஒரு மா ஏறக்குறைய 33 செண்டு என்றும், ஒரு வேலி 6.6 ஏக்கருக்குச் சற்று மேல் என்றும் விளங்கும். பட்டாவிலுள்ள ஹெக்டேர், ஏர் கணக்கையும் இதனுடன் சேர்த்துப் பழக்கிவிட்டால், வீட்டுப் பத்திரத்தை வாசிக்கப் பிறரைத் தேடவேண்டியிராது.

இவையெல்லாவற்றிலும் மேலானது பயிரைப் பார்க்கக் கற்றல். பூச்சியைக் கண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓடுவது இப்போது பெரியவர்களின் வழக்கமாயிருக்கிறது. எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கும் பொறுமை அவர்களுக்கில்லை, பிள்ளைகளுக்கு உண்டு. மூங்கில் சிம்பினால் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று கட்டி, வயலில் பல இடங்களில் வைத்து, இலை நுனியின் பக்கம் பழுப்பு மயிர் மூடிய குருத்துப்பூச்சி முட்டைக் குவியல்களை எண்ணச் செய்யலாம். சதுர மீட்டருக்கு இரண்டு குவியல்களென்றால் கவனிக்கவேண்டிய நிலைமை வந்துவிட்டது. நடுக்குருத்துக் காய்ந்து, இழுத்தவுடன் கையோடு வரும் தூர்கள் நூற்றுக்குப் பத்தானாலும் அவ்வாறே.

புகையான் விஷயத்தில் கணக்கு இன்னும் சுவையுள்ளது. சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி என்பது பொருளாதாரச் சேத எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் அந்த எல்லை தூர் ஒன்றுக்கு இரண்டாக உயர்கிறது. பெண் பத்துக் குத்துகளைப் பிரித்துப் பார்த்து, 200 தூர்களில் 260 பூச்சிகளை எண்ணினாள் என்க. தூர் ஒன்றுக்கு 1.3 ஆகிறது. இத்துடன் நிறுத்தினால் மருந்தடிக்கவேண்டும் என்றே தோன்றும். அப்பத்துக் குத்துகளிலும் 11 சிலந்திகளை அவள் கண்டிருப்பாளாயின், இன்னும் எல்லை எட்டவில்லை. மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணினால் போதும். அவசரப்பட்டு மருந்தடித்தால் முதலில் மாள்வது சிலந்திதான். பிறகு புகையான் முன்னிலும் பெருகும். 1989-ம் வருஷம் இந்தோனேசியாவில் உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியால் துவங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இப்படி வரப்பிலிருந்து எண்ணிப் பார்ப்பதையே பாடமாகக் கொண்டன; பின்னர் அம்முறை இந்தியாவிற்கும் வந்தது.

மேலுரம் இடும் காலத்தை இலை வண்ண அட்டை காட்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், தன் உடல் நிழலில் அட்டையைப் பிடித்து, மேலே நன்றாய் விரிந்த பத்து இலைகளை ஒப்பிடவேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலைகளாவது இதற்குக் குறைந்தாலன்றி யூரியா வேண்டுவதில்லை. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு வீதம் 20.7 கிலோ என்பதைப் பையன் கணக்கிடட்டும்.

கார்த்திகையில் மழை ஓயும் வேளைகளில் உளுந்து விதையைச் சோதிக்கவேண்டும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன் தாளடியில் விதைப்பதற்கு ஏக்கருக்கு 10 கிலோ பிடிக்கும். சேமித்த விதையில் 100 மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து ஏழாம் நாள் எண்ணினால், 75-க்குக் குறையாமல் நல்ல முளைகள் இருக்கவேண்டும். வண்டு துளைத்த மணிகளைத் தனியே எண்ணி எழுதுவதும் பிள்ளைகள் வேலையே. விதை பழுதென்று இப்போதே தெரிந்தால், வேறு விதை தேட அவகாசமுண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. தொழிலோடு சேர்ந்த கல்வி வேண்டுமென்று 1937-ம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய மகாநாடு விரும்பியது. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மிகுதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பிள்ளை பயிலவேண்டுமென ஏற்பாடு செய்தது. அது குலக்கல்வித் திட்டமென்று பலமாய் எதிர்க்கப்பட்டு, 1954-ல் காமராஜர் மந்திரிசபையால் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் கூறியதில் நியாயமிருந்தது: பாடத்தின் இடத்தில் வேலையை வைத்தால், உழவன் மகன் உழவனாகவே நிற்க நேரும். ஆகையால் மேலே கூறியவையெல்லாம் பள்ளிப் படிப்பிற்குப் பதிலாக அல்ல, அதற்கு மேலாகவே என்று கொள்ளவேண்டும். 2010-ம் வருஷம் ஏப்ரல் 1 முதல் அமுலிலுள்ள கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்விக்கு வகைசெய்கிறது. குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் மாத்திரமே, அதுவும் அபாயமற்ற வேலையிலேயே அனுமதிக்கிறது.

கிராம அதிகாரிகள் மற்றொன்றையும் பார்க்கவேண்டும். மிராசுதார் வீட்டுப் பிள்ளை வரப்பில் நின்று சிலந்தியை எண்ண, அதே வயலில் கூலிக்காரர் பிள்ளை களை பறிக்குமானால், அது படிப்பாகாது. தன் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குபவர் அப்பிள்ளைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, இருவரையும் சேர்த்து எண்ணவிடுவதில் செலவு அதிகமில்லை.

மருந்தடித்த வயலில் பிள்ளைகளை இறங்கவிடலாகாது. மருந்து டப்பாவை அவர்கள் தொடவும் கூடாது. வாய்க்கால் கரை நிரம்பி ஓடும்போதும் இடி கேட்கும்போதும் வீட்டிலேயே இருக்கவேண்டும். காலில் புண்ணுள்ள பிள்ளையைத் தேங்கிய நீரில் நடக்கவிட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். பள்ளி திறந்ததும் மழைக் கணக்கு நோட்டை ஆசிரியரிடம் காட்டச் சொல்லி, குவளையை மட்டும் தை அறுவடை வரையில் பிடுங்காமல் வைத்திருக்கவேண்டும்.