புளோரைட்டைக் கசியவிடும் பல்லடைப்பும் குடாநாட்டின் தேவையும்

சூத்தை பிடித்த பல்லை அடைத்துக் காப்பது வசதியுள்ளோர்க்கும், பிடுங்கி எறிவது வசதியற்றோர்க்கும் உரியதென்னும் நிலை எமது கிராமங்களில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. ஒரு பல்லின் பொருட்டு இரண்டு மூன்று நாள் வேலையை இழக்க இயலாத கமக்காரரும் கடற்றொழிலாளரும் பிடுங்கிவிடும்படியே கேட்பர். இவ்வேறுபாட்டைக் குறைக்க வல்ல ஓர் அடைபொருளைப் பற்றி இங்கு ஆராய விழைகின்றோம்.

கண்ணாடி அயனோமர் சீமெந்து என்பது அதன் பெயர். இலண்டனில் அரச இரசாயனவியலாளர் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அலன் வில்சனும் பிரையன் கென்றும் இதனை உருவாக்கி, 1972 இல் பல்வைத்திய உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். அதற்கு முன் வழங்கிய சிலிக்கேற்றுச் சீமெந்து வாயினுள் கரைந்து தேய்ந்தது. எனினும் அதன் ஓரங்களில் புதிய சூத்தை அரிதாகவே தோன்றியதைப் பல்வைத்தியர் அவதானித்திருந்தனர். அதிலிருந்து கசிந்த புளோரைட்டே காரணமெனக் கருதப்பட்டது. அப்புளோரைட்டோ பல்லின் நன்மை கருதிச் சேர்க்கப்பட்டதன்று. கண்ணாடியை எளிதில் உருக்கும் பொருட்டே சேர்க்கப்பட்டது.

புதிய சீமெந்தின் தூளும் புளோரைட்டுக் கொண்ட அலுமினோசிலிக்கேற்றுக் கண்ணாடியே. அதனைப் பொலியக்கிரிலிக்கமிலத்துடன் குழைக்கும்போது அமிலம் தூளின் மேற்பரப்பைத் தாக்கிக் கல்சியம், அலுமினிய அயன்களை விடுவிக்கின்றது. இவ்வயன்கள் அமிலத்தின் நீண்ட சங்கிலிகளைத் தம்முட் பிணைக்கவே கலவை இறுகுகின்றது. அவ்வமிலம் பல்லிலுள்ள கல்சியத்தையும் பற்றிக்கொள்ளும். ஆதலின் அடைப்பைத் தாங்குதற்கென நல்ல பல்லை வெட்ட வேண்டியதில்லை. புளோரைட்டு வெளியேறுவதால் அடைப்புத் தளர்வதுமில்லை. முதல் ஓரிரு நாளில் அது மிகுதியாகக் கசிந்து, பின் விரைவிற் குறைந்து, சிற்றளவில் ஆண்டுக்கணக்காகத் தொடரும். பற்பசையிலுள்ள புளோரைட்டை உறிஞ்சி மீள வெளிவிடும் இயல்பும் இச்சீமெந்துக்கு உண்டு.

பல்லின் கனியம் பி.எச். பெறுமானம் 5.5 அளவிற் கரையத் தொடங்கும்; புளோரைட்டு ஏறிய கனியமோ ஏறத்தாழ 4.5 வரை தாக்குப்பிடிக்கும். தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்த காலம் போய் (அதுவும் இனிப்பே என்பதை மறைக்க விரும்பவில்லை) பிஸ்கற்றும் இனிப்பும் நாள்முழுதும் சிறுவர் வாயில் இருக்கும் இக்காலத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் ஆய்வுகூடத்தில் அளந்த கசிவு வாயினுள்ளும் அதேயளவு பயன் தருமோ என்பதில் சிகிச்சை ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை.

புளோரைட்டு என்றதும் குடிநீர் பற்றிய வினா எழும். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லிற் தங்கும் கிணற்று நீரே எமக்கு ஆதாரம். கல்சியம் மிகுந்த நீரில் புளோரைட்டு கல்சியம் புளோரைட்டாகப் படிந்துவிடுமாதலால் அதன் செறிவு பெரிதும் உயர்வதில்லை. எனினும் கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். அனுராதபுரம், வவுனியா முதலிய பகுதிகளிலோ மிகையான புளோரைட்டினாற் பிள்ளைகளின் பற்களிற் கறை படிகின்றது. அந்நீருடன் ஒப்பிடின் அடைப்பிலிருந்து கசிவது அற்பமானது.

எமது எண்ணத்தில் இச்சீமெந்தின் தலையாய பயன் வேறோரிடத்தில் உள்ளது. 1980களின் நடுப்பகுதியில் தான்சானியாவில் யோ பிரெங்கனும் உடன் பணியாற்றியோரும், மின்துளைகருவியின்றிக் கைக்கருவியாற் சூத்தையைச் சுரண்டி, இச்சீமெந்தை விரலால் அழுத்தி அடைக்கும் முறையை வகுத்தனர். 1994 இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பரப்ப முற்பட்டது. 1990 இன் பின் பல்லாண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்த குடாநாட்டவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பல்லின் ஒரு பக்கத்திலுள்ள சிறு குழிக்கு இம்முறை நன்கு பொருந்தும். பல பக்கங்களிற் பரந்த குழியில் அடைப்பு உடைந்துவிடுவதுண்டு.

1950களில் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமையிற் தொடங்கிய பயிற்சியின் வழிவந்த பாடசாலைப் பற்சிகிச்சையாளர் இதனை ஒரே அமர்வில் முடிக்க வல்லவர். துளைகருவியின் ஓசையின்மையாற் பிள்ளையும் அஞ்சுவது குறைவு.

மினமாற்றா உடன்படிக்கையை இலங்கை 2017 இல் ஏற்றபின் இரசக்கலவை அடைப்பைக் குறைக்கும் கடப்பாடு எமக்குண்டு. 2021 இல் கண்ணாடி அயனோமர் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இரசத்தின் இடத்தை, உலர்ந்த களமும் ஒளிக்கருவியும் வேண்டும் றெசின் அடைப்பு மட்டுமே பிடிக்குமாயின், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வரும் பிள்ளை மீண்டும் பல் பிடுங்கும் கதிரையிலேயே அமர நேரும். தீவகத்தின் பாடசாலைச் சிகிச்சை அறைகளுக்கு இத்தூளும் திரவமும் தடையின்றிச் செல்ல வேண்டுமென்பதே எமது கோரிக்கை.