மண்பாதைகள் – 9: பண்ணைக்காரர் விட்ட வழி

சென்ற வாரம் பார்த்த மோவாப் பாறைப் பாதை அரசாங்க நிலத்தில் இருக்கிறது. யூட்டா பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. இந்த வாரம் அமெரிக்காவின் மறுகோடிக்குப் போகிறோம். கனடா எல்லையை ஒட்டிய வெர்மான்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஈஸ்ட் பர்க் என்றொரு சிற்றூர். அதைச் சுற்றி 160 கிலோமீட்டருக்கு மேல் ஒற்றையடிப் பாதைகள் ஓடுகின்றன. கிங்டம் டிரெயில்ஸ் என்று பெயர். மலைச் சைக்கிள்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். அந்தப் பாதைகளில் பெரும்பகுதி சுமார் நூறு தனியாருக்குச் சொந்தமான நிலத்தின் வழியே போகிறது.

ஊருக்கு மேலே டார்லிங் ஹில் என்ற நீண்ட முகடு. அங்கே நின்றால் ஒரு பக்கம் பர்க் மலை. மறுபக்கம், தொலைவில், வில்லபி ஏரியின் இரு கரைகளிலும் செங்குத்தாக எழும் இரண்டு மலைகளும் நடுவே வானம் தெரியும் இடைவெளியும். நியூயார்க்கில் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலை நடத்திய எல்மர் டார்லிங், ஹோட்டல் சமையலுக்குப் பாலும் வெண்ணெயும் இறைச்சியும் அனுப்புவதற்காக 1883-ல் இந்த முகட்டில் பண்ணை அமைத்தார். அதன் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. இங்கே பாதை புல்வெளியின் ஓரமாகவே போய், சட்டென்று காட்டுக்குள் இறங்கும்.

இந்தப் பகுதியின் மேப்பிள் தோப்புகளில் மரத்துக்கு மரம் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் கட்டியிருப்பார்கள். மார்ச், ஏப்ரலில் மரம் சுரக்கும் இனிப்பு நீர் அதன் வழியே வடிந்து தொட்டியில் சேரும். அதில் ஏறக்குறைய 40 லிட்டரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு. வைக்கோல், பால், பாகு, மரம் என்று பாடுபட்டுப் பிழைக்கும் நிலம் இது. இதன் குறுக்கே முன்பின் தெரியாதவர்கள் சைக்கிளில் போக ஒருவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

ஒரு பழைய வழக்கம் கைகொடுத்தது. வேலி அடைக்காத நிலம் அடுத்தவருடையதே ஆனாலும் அதில் வேட்டைக்குப் போக வெர்மான்ட்டின் அரசியல் சட்டம் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே உரிமை தருகிறது. அடுத்தவர் காட்டில் நடந்து போவது அங்கே புதிய விஷயமல்ல. பிற்பாடு வந்த சட்டமும் துணை நின்றது. பணம் வாங்காமல் மக்களைத் தன் நிலத்தில் விடுகிறவர்மீது, அங்கே விழுந்து அடிபட்டவர் வழக்குப் போட்டு இழப்பீடு பெறுவது எளிதல்ல. இந்த நம்பிக்கையின் மேல்தான் 1994-ல் ஊர்க்காரர்கள் சிலர் லாப நோக்கற்ற சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சைக்கிள்காரர்கள் கட்டும் கட்டணம் சங்கத்துக்குப் போய்ப் பாதைப் பராமரிப்புக்குச் செலவாகிறது. நிலத்துக்காரருக்கு அதில் பங்கு கிடையாது.

பாதை போடுவதிலும் நிலத்தின் மேல் கரிசனம் வேண்டும். சரிவில் மேலிருந்து கீழே நேராக வெட்டினால், சில மழைகளிலேயே பாதை ஓடையாகிவிடும். அதனால் சரிவின் குறுக்கே மண்ணை வெட்டி, பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்து விடுவார்கள். விழுந்த நீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். மலைச்சரிவின் சாய்வில் பாதியைப் பாதையின் ஏற்றம் தாண்டக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

பனி உருகும் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் பலிக்காது. மேல்மண் இளகியிருக்க, அடிமண் உறைந்தே கிடக்கும். நீர் கீழே இறங்க வழியில்லாமல் எங்கும் சகதி. அப்போது ஒரு சக்கரம் பதித்த தடம் காய்ந்ததும் வாய்க்காலாக நிற்கும். அடுத்த மழை அதிலேயே ஓடி மண்ணை அரித்துப் போகும். ஆகவே ஏப்ரலில் பாதைகளை மூடி, ஈரம் காய்ந்த பிறகே திறக்கிறார்கள்.

மண்ணுக்குக் காட்டிய இந்தப் பொறுமையை வந்தவர்கள் எல்லோரும் மனிதர்களிடம் காட்டவில்லை. பர்க்கில் வசிப்பவர்கள் சுமார் 1,700 பேர். சைக்கிள்காரர்களின் வருகையோ ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. கடைகளும் விடுதிகளும் செழித்தன. கூடவே நெரிசலும் வந்தது. சிலர் நிலத்துக்காரர்களிடமே மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் டார்லிங் ஹில்லைச் சேர்ந்த மூன்று உரிமையாளர்கள், சைக்கிளுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். மூன்றே பேர்தான். ஆனால், கோத்துக் கோத்து அமைந்த பாதைகளில் நடுவே ஒரு நிலம் விலகினாலும் இருபுறமும் அறுந்துபோகும்.

அவர்கள் செய்தது நியாயம் என்றே நான் சொல்வேன். காசு வாங்காமல் வழி விட்டவருக்கு நன்றி ஒன்றுதான் கூலி. அதுவும் கிடைக்காவிட்டால் அவர் கதவைச் சாத்துவதில் என்ன தவறு? பாதை அழகாக இருப்பதும், நாம் வெகுதூரம் வந்திருப்பதும் நமக்கு எந்த உரிமையையும் தந்துவிடாது.

வார இறுதியில் சைக்கிளோடு கிராமத்துப் பக்கம் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நடப்பவருக்கும் ஏறி வருபவருக்கும் ஒதுங்கி வழி விடுங்கள். குதிரை எதிரே வந்தால் இறங்கி நின்று குரல் கொடுங்கள். வருவது மனிதர் என்று தெரிந்தால் அது மிரளாது. ஈர மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள். நிலத்துக்காரரைக் கண்டால் நின்று வணக்கம் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அந்தப் பாதை இருக்குமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

(தொடரும்)