குழு கைமாறும்போது வேலை என்னாகும்?



நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு காற்பந்துத் திடல் இருந்தது. அதற்குப் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டிக் காத்துவந்தவரை நாங்கள் 'திடல் மாமா' என்றே அழைப்போம். தோட்டம் கைமாறிய வாரத்தில் புதிய நிர்வாகம் அவரிடம் ஒரு கடிதத்தை நீட்டியது. "வேலை இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். வேலை நிலைத்ததே என்ற மகிழ்ச்சியில் அவரும் போட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் திடலில் செம்பனை நடப்பட்டது, அவரையும் நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் கடிதத்தின் பொருள் புரிந்தது. அது அவரைப் புதிய ஆளாகச் சேர்த்த கடிதம். அதற்கு முன்னர் உழைத்த 18 ஆண்டுகள் கணக்கில் வரவில்லை. ஏன் என்று கேட்கலாம் என்பது எங்கள் லயத்தில் எவருக்கும் தெரியாது.

அவரை நினைத்துக்கொண்டே இன்றைய பொருளை எடுத்துக்கொள்கிறேன். ஒரு விளையாட்டுக் குழுவை வேறொரு முதலாளி வாங்கினால், அதில் வேலை செய்யும் பயிற்றுநரும் ஊழியர்களும் என்ன ஆவார்கள்?

சனிக்கிழமை இரவுகளில் நம் பிள்ளைகள் கண்விழித்துப் பார்க்கும் இங்கிலாந்துக் காற்பந்திலிருந்தே சில செய்திகளைச் சொல்கிறேன். 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் குழுவை இந்தியாவின் பூனா நகரைச் சேர்ந்த வெங்கிஸ் என்ற கோழிப்பண்ணை நிறுவனம் வாங்கியது. ஒரு மாதம் நிறைவதற்குள் பயிற்றுநர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2021 அக்டோபர் 7ஆம் நாள் நியூகாசல் யுனைடெட் குழு சவூதி அரேபிய முதலீட்டு நிதியின் தலைமையிலான கூட்டணியின் கைக்குப் போனது. பத்து நாட்கள் கழித்து, பயிற்றுநர் ஸ்டீவ் புரூஸ் தம் வாழ்வின் 1,000ஆவது ஆட்டத்தில் குழுவை நடத்தினார். 20ஆம் நாள் அவர் வேலையில் இல்லை. 2022 மே மாத இறுதியில் செல்சி குழு கைமாறியது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்று தந்த தோமஸ் துக்கெல், செப்டம்பர் 7ஆம் நாள் விலக்கப்பட்டார். ஏறக்குறைய நூறு நாள்!

சட்டமே இல்லாத ஊரா அது என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் இருக்கிறது. அது எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஒரு தொழில் இரண்டு வகையில் கைமாறும். முதல் வகை, பங்கு விற்பனை. தோட்டத்தை ஒரு கம்பெனி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனியின் பங்குகளை ஒருவர் மற்றொருவருக்கு விற்கிறார். பங்குக்காரர் மாறினாரே தவிர, உங்களை வேலைக்கு வைத்த கம்பெனி மாறவில்லை. சம்பளச் சீட்டின் தலைப்பில் அதே பெயர்தான். ஆகவே, உங்கள் வேலை ஒப்பந்தமும் அப்படியே தொடர்கிறது. நியூகாசலும் செல்சியும் இவ்வாறே கைமாறின.

இரண்டாம் வகை, தொழிலையே விற்பது. பழைய கம்பெனி நிலத்தையும் தொழிலையும் புதிய கம்பெனிக்கு விற்றுவிடுகிறது. நம் பெரியவர்கள் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் கண்ட தோட்டத் துண்டாடல் இத்தகையது. பல தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும், தொழிலாளர்கள் தங்கள் காசைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியதும் அந்த வேதனையிலிருந்து பிறந்தவைதாம்.

பிரிட்டனில் இவ்விரண்டாம் வகைக்கென்றே 1981இல் ஊழியர் பாதுகாப்பு விதிகள் வந்தன. 2006இல் அவை புதுப்பிக்கப்பட்டன. தொழில் கைமாறினால் ஊழியரும், அவருடைய சம்பளமும், பணியாண்டுகளும் புதிய முதலாளியிடம் தாமாகவே சென்றுவிடும். விருப்பமில்லாத ஊழியர் மறுத்து விலகலாம். 2012இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் குழு கடனில் மூழ்கியது. அதன் தொழிலையும் சொத்துகளையும் புதிய கம்பெனி ஒன்று வாங்கியது. அப்போது ஸ்டீவன் நேய்ஸ்மித் முதலிய ஆட்டக்காரர்கள் சிலர் இந்த உரிமையைக் காட்டி, புதிய கம்பெனிக்கு வர மறுத்து, வேறு குழுக்களுக்குச் சென்றனர். ஆட்டக்காரருக்கு வேறு குழு கதவைத் திறந்து வைத்திருந்தது. திடல் பராமரிப்பவர் விலகினால் எந்தக் கதவு திறக்கும்?

அப்படியானால், ஒப்பந்தம் தொடர்ந்தும் பயிற்றுநர்கள் ஏன் நீக்கப்பட்டார்கள்? ஒப்பந்தம் தொடர்வதால் புதிய முதலாளியின் நம்பிக்கையும் தொடர்ந்துவிடாது. அவர் தமக்கு உகந்தவரை அமர்த்த விரும்புகிறார். பெரிய பயிற்றுநரின் ஒப்பந்தம் வழக்கமாகச் சில ஆண்டுகளுக்கானது. காலம் முடியுமுன் நீக்கினால் இவ்வளவு தர வேண்டும் என்று வழக்கறிஞர் வைத்து எழுதியிருப்பார்கள். எனவே, அவர் வேலையை இழந்தாலும் வெறுங்கையோடு போவதில்லை.

பெயர் தெரியாத ஊழியர் நிலை வேறு. மென்செஸ்டர் யுனைடெட் குழுவில் 2024 பிப்ரவரியில் சர் ஜிம் ரட்கிளிஃப் கால் பங்குக்குச் சற்று மேல் வாங்கி, விளையாட்டு நிர்வாகத்தை ஏற்றார். அவ்வாண்டில் ஏறக்குறைய 250 ஊழியர்களின் வேலை போனது. 2025 பிப்ரவரியில் மேலும் 150 முதல் 200 வேலைகள் வரை குறைக்கப்படலாம் என்று குழு அறிவித்தது. அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்காக எந்த நாளேடு தலைப்புச் செய்தி போட்டது?

இனி, நம் நாட்டுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் வேலைநீக்க நன்மைகள் பற்றிய விதிகள் 1980இல் வந்தன. தொழில் கைமாறினால், ஏழு நாட்களுக்குள் புதிய முதலாளி வேலையைத் தொடர முன்வர வேண்டும். அந்த வேலையின் நிபந்தனைகள் பழையவற்றைவிடக் குறைந்தவையாக இருக்கக் கூடாது. ஊழியர் ஏற்றுக்கொண்டால் அவருடைய பணியாண்டுகள் அறுபடாமல் தொடரும். புதிய முதலாளி முன்வராவிட்டால், வேலை நீக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதற்குரிய தொகைக்குப் பழைய முதலாளி, புதிய முதலாளி இருவருமே பொறுப்பு.

தொகை எவ்வளவு? குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவானால், ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால், ஆண்டுக்குப் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால், ஆண்டுக்கு இருபது நாள். பொதுவாக இது மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு உரியது. அதற்கு மேல் வாங்கும் பயிற்றுநர் தம் ஒப்பந்தத்தைத்தான் நம்ப வேண்டும். சிங்கப்பூர் நேயர்களுக்கு ஒரு சொல்: அங்கே தொழில் கைமாறும்போது ஊழியரும் அவருடைய பணியாண்டுகளும் புதிய முதலாளியிடம் தொடரும்படி வேலைச் சட்டமே வகை செய்திருக்கிறது.

இப்போது திடல் மாமாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டு என்று கணக்கிட்டதால் அவருக்குக் கிடைத்தது 60 நாள் சம்பளம். 18உம் 4உம் சேர்த்து 22 ஆண்டு என்று கொண்டிருந்தால், 440 நாள் சம்பளம். அந்த 380 நாள் சம்பளமும் ஒரு கையெழுத்தில் போயிற்று.

ஆகவே, காற்பந்துக் குழுவானாலும் தோட்டமானாலும் கடையானாலும், முதலாளி மாறும் செய்தி வந்தால் உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. பழைய வேலை நியமனக் கடிதத்தையும், சம்பளச் சீட்டுகளையும், ஊழியர் சேமநிதிக் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள். கைமாறியது பங்கா, தொழிலா என்று கேளுங்கள். புதிய கடிதம் தந்தால், "என் பழைய ஆண்டுகள் இதில் சேர்ந்திருக்கின்றனவா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். மொழி புரியாவிட்டால் படித்த பிள்ளையிடமோ தொழிற்சங்கத்திடமோ காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். நன்மைத்தொகை பற்றிய தகராறு என்றால் தொழிலாளர் இலாகாவை நாடலாம். காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதினால், 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வேலை விஷயத்தில் மட்டும் ஏட்டில் எழுதியிருப்பதுதான் கறிக்கு உதவும். திடல் மாமா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் கோடு போட்ட திடலில் ஓடி விளையாடிய நாங்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள். அந்தக் கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால், நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.